தெற்குச் சுவரில் நான் வெட்டிய ஆறு யன்னல்கள்

1. முதல் நாள்

“உனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியுமோ?”

அந்த வீட்டில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். கையில் வாளியும் துணியுமாக நின்றேன். பழைய எலுமிச்சம்பழப் பெட்டிகள் அடைந்து கிடந்த ஓர் அறையைத் துப்புரவாக்க ஆள் வேண்டும் என்று கோயில் சிஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வீடு, இத்தாலியின் தெற்குத் தீவிலுள்ள பலெர்மோ நகரத்துக்கு வெளியே, மலையடிவாரத்தில், ஒரு தோடம்பழத் தோட்டத்துக்குள் இருந்தது.

“தெரியும் சிஞ்ஞோரே” என்றேன்.

“அப்ப வாளியைக் கீழை வை.”

கேட்டவர் தொன் சால்வோ. முப்பது வருடம் அமெரிக்காவில் பாண் சுட்டுவிட்டு, பென்சனோடும் ஒரு காரோடும் ஊர் திரும்பியவர். அயலில் எல்லோரும் அவரை ‘அமெரிக்கானோ’ என்றே சொல்வார்கள். முப்பது வருடமும் இங்கிலிஷில் கதைத்தார், வாசிக்கத்தான் பழகவில்லை. கார், எங்கள் ஊர் மினிபஸ்ஸின் நீளம். வந்த கிழமையே அதைக் கபோ சந்தைக்குப் பெருமையாக ஓட்டிப்போய் ஒரு சந்துக்குள் இறுக்கிவிட்டார். முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது. மீன் விற்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்து பின்பக்கமாகத் தள்ளி எடுத்தார்கள். இரண்டு பக்கமும் பெயின்ற் உரிந்துபோனது. பலெர்மோவில் எந்தக் கராஜுக்குள்ளும் அது அடங்காது. மரத்துக்குக் கீழே, குருவி எச்சம் விழ நின்றது.

அவர் ஒரு புத்தகத்தை என் கையில் தந்தார். ‘போல் பார்ன்’ என்று அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் கட்டுகிற ஒருவகைக் கராஜின் கட்டட விவரம். அத்திவாரமும் இல்லை, கல்சுவரும் இல்லை. பெரிய மரக்கால்களை வரிசையாக மண்ணில் நட்டு, குறுக்கே சட்டம் அடித்து, மேலும் சுற்றியும் தகரம் போடுவது. இரண்டு பக்கம் வாசித்து, எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில் சொன்னேன். அடிக்கணக்கை மீற்றருக்கு மாற்றியும் காட்டினேன்.

“எங்கட ஊரிலையும் இப்பிடித்தான் சிஞ்ஞோரே கட்டுறது. கொட்டில் எண்டு சொல்லுவம்.”

“அப்ப நீயே கட்டு” என்றார். “கட்டி முடிச்சு, என்ரை கார் உள்ளுக்குச் சுகமா நிண்டுதெண்டால், உனக்குக் கொன்ற்ராத்தோ எழுதித் தாறன்.”

கொன்ற்ராத்தோ என்றால் வேலைக் கடிதம். அது இல்லாமல் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோவை, இங்கே இருப்பதற்கான அனுமதியை, புதுப்பிக்க மாட்டார்கள். என்னுடைய பெர்மெஸ்ஸோ யூலை முடிவோடு சரி. மாடிப்படி கழுவக் கூப்பிட்டவர்கள் ஒருவரும் கடிதம் தரத் தயாராக இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். உயர்தரத்தில் கணிதமும் பௌதிகமும் படித்தேன். படித்ததற்கு ஒரு வேலை வந்து முன்னால் நின்றது அன்றைக்குத்தான். வாளியை அங்கேயே வைத்துவிட்டு அளவு நாடாவைக் கையில் எடுத்தேன். அது யனவரி மாதம்.

2. கால் நட்டது

தனியாகச் செய்ய முடியாத வேலை. செல்வத்தைக் கூப்பிட்டேன். செல்வம் என் ஊர்க்காரன், என் வயது. அங்கே கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் பந்தல் போட்டவன். இங்கே ஒரு டாக்டர் வீட்டில் இரண்டு நாய்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

“காருக்குப் பந்தலோ?” என்றான். “மாப்பிளை ஆர், பொம்பிளை ஆர்?”

“கார்தான் மச்சான் பொம்பிளை. அமெரிக்காவிலையிருந்து வந்திருக்கு.”

“அப்ப நான் பொம்பிளை பகுதி. வாறன்.”

இங்கே வீட்டுக்கு வரைபடம் கீறி, அனுமதியும் எடுத்துத் தருகிறவரை ஜெயோமெத்ரா என்பார்கள். எங்களுக்கு வந்தவர் கழுத்துப்பட்டி கட்டிய, சிரித்த முகமுள்ள மனிதர். புத்தகத்தைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“சால்வோ, கல்லு விளையிற ஊரிலை தடி நட்டோ கட்டப்போறாய்? உதுக்குள்ளை கோழிதான் படுக்கும்.”

“கீறித் தாறியோ இல்லையோ?”

“தாறன். முட்டை போட்டால் எனக்கும் அனுப்பு.”

கீறித் தந்தார். ஒரு பிரதியை மடித்துப் பின்பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு கஸ்தாஞ்ஞோ மரக்கால்கள் வந்தன. தோல் சீவி, மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார் பூசினோம். அந்த மரம் மண்ணுக்குள் கனகாலம் உக்காமல் கிடக்கும். இங்கே தோட்டக்காரர் வேலிக்கும் கொடிப்பந்தலுக்கும் அதைத்தான் நடுவார்கள். மூலை மட்டத்துக்கு நூல் பிடித்து மூன்று, நாலு, ஐந்து கணக்குப் போட்டேன். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் இரண்டு அளவும் ஒரு விரல் வித்தியாசத்துக்குள் நின்றது. செல்வம் நாடாவை நம்பவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நாலு மூலையிலும் நின்று பார்த்தான்.

“பரவாயில்லை. உன்ரை கணக்கு வாத்தி உன்னைச் சும்மா அடிக்கேல்லை.”

புத்தகத்தில் குழி நாலடி. இங்கே இரண்டரை அடியில் பாறை. செல்வம் அலவாங்கு போட, பொறி பறந்தது. முதல் குழிக்கே இரண்டு நாள். மற்ற இடங்களில் பாறைக்குள் ஒரு சாண் குடைந்து, காலை அதில் இறக்கிச் சுற்றிக் கொங்கிரீற் போட்டோம். புத்தகத்தில் இல்லாத முறைதான். ஆனால் கால் அசையவில்லை. தூக்குக்குண்டு விட்டுப் பார்க்காமல் ஒரு காலுக்கும் கொங்கிரீற் போட நான் விடவில்லை. செல்வத்துக்கு அது எரிச்சல்.

முதல் கால் நடுகிற அன்று செல்வம் பல்லரோ சந்தையில் தேடி ஒரு தேங்காய் வாங்கி வந்து உடைத்தான். தொன் சால்வோவின் மனைவி சிஞ்ஞோரா ரொசாரியா அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போய், ஒரு சின்னப் போத்தலில் கோயில் தீர்த்தம் கொண்டுவந்து குழிக்குள் தெளித்தார்.

“என்ரை அப்பன்ரை காணி இது. ரெண்டு பக்கத்தாலையும் காவல் இருக்கட்டும்” என்றார்.

ஜெயோமெத்ரா தேங்காய்ச் சொட்டைச் சப்பிக்கொண்டே, “ஒரு கோழிக்கூட்டுக்கு ரெண்டு சமயம்” என்றார்.

3. அடுப்பா, ஏசியா

மார்ச்சில் கைமரம் ஏறி, கூரையும் போட்டாயிற்று. கூரைக்கு மட்டும் நடுவில் நுரை வைத்த இரட்டைத் தகரம். சுவருக்கு ஒற்றைத் தகரம். முகட்டில் நீளத்துக்கு ஒரு கை அகல இடைவெளி விட்டு, மழை விழாதபடி அதற்கு மேலே ஒரு தொப்பித் தகரம் வைத்தேன். சூடான காற்று மேலே எழும்பும்; எழும்பினால் வெளியே போக வழி வேண்டும்.

“இனி ஹீற்றிங், கூலிங்” என்று கையைத் தேய்த்தார் தொன் சால்வோ. பெயின்ற் அடிப்பதென்றால் ஈரமும் கூடாது, குளிரும் கூடாது, கொதிக்கவும் கூடாது. உரிந்த காரைத் தன் கையாலேயே புதிதாக்குவதென்பது அவருடைய கனவு.

பெட்டியொன்றைத் திறந்து அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒரு ஏசியையும், ஆளுயரத்துக்கு ஒரு கரண்ட் ஹீற்றரையும் வெளியே எடுத்தார். ஏசியின் பின்பக்கத்துத் தகட்டை வாசித்தேன்.

“சிஞ்ஞோரே, இது நூற்றிப்பத்து வோல்ற். இஞ்சை இருநூற்றிருபது.”

“அதுக்கு ட்ரான்ஸ்போமர் கிடக்கு.”

“கிடக்கட்டும். உங்கட வீட்டு மீற்றர் மூண்டு கிலோவாட். சிஞ்ஞோரான்ரை கரண்ட் போறணை மட்டும் இரண்டு இழுக்கும். இதைப் போட்டால் மீற்றர் விழுந்திடும்.”

“அமெரிக்காவிலை எல்லாத்தையும் ஒண்டாப் போட்டனான். விழேல்லை.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டார். டப் என்று ஒரு சத்தம். ஏசி நின்றது, வானொலி நின்றது, முழு வீடும் நின்றது. சிஞ்ஞோரா ரொசாரியா கையில் அகப்பையோடு முற்றத்துக்கு வந்தார்.

“சால்வோ! என்ரை பஸ்தா போறணைக்குள்ளை அரை வேக்காட்டிலை நிக்குது! காரோ, சாப்பாடோ? ஒண்டைச் சொல்லு!”

தொன் சால்வோ கொஞ்சம் யோசித்தார். அவர் யோசித்ததே பிழையென்று சிஞ்ஞோராவின் முகம் சொன்னது. “சாப்பாடு” என்றார். ஏசி திரும்பவும் பெட்டிக்குள் போனது. வீட்டுப் பூனை அதன் மேலே படுக்கப் பழகிக்கொண்டது.

அடுத்து காஸ் சிலிண்டர் ஹீற்றர். பின்னேரம் போட்டால் கராஜுக்குள் நல்ல இளஞ்சூடு. விடியப் போய்ப் பார்த்தால் சுவர்த் தகரம் முழுவதும் வியர்த்து வழிகிறது. காரின் மேலும் முத்து முத்தாக நீர்.

“கூரை ஒழுகுதடா!” என்று கத்தினார்.

“ஒழுகேல்லை சிஞ்ஞோரே. காஸ் எரியேக்கை தண்ணி ஆவியும் வரும். வெளியிலை போகக் குழாய் இல்லை, முகட்டு இடைவெளி மட்டும் காணாது. குளிர்ந்த தகரத்திலை பட்டுத் தண்ணியாகுது.”

நான் சொன்ன வழி இதுதான்: குழாய் வைத்த இரும்பு அடுப்பு ஒன்று, மூலையில். புகையும் ஈரமும் குழாயால் வெளியே போகும். எரிக்கத் தோட்டத்தில் வெட்டிய கொப்பும் பாதாம் கோதும் போதும். பழைய இரும்புக்கடையில் ஒரு அடுப்பு கிடைத்தது. மூன்று நாளில் சுவர் காய்ந்து கிடந்தது. தொன் சால்வோ என் முதுகில் அடித்த அடி இன்னும் நினைவிருக்கிறது.

“பள்ளிக்கூடம் போனவன் எண்டால் இப்பிடித்தான்!”

அந்தச் சொல் தலைக்குள் ஏறிவிட்டது. பிழை அங்கேதான் தொடங்கியது.

4. சோளகத்துக்குத் திறந்தேன்

குளிருக்கு அடுப்பாயிற்று. கோடைக்கு? கரண்ட் இல்லாமல் காற்றாலேயே குளிர வைக்கலாம் என்று நினைத்தேன். சுவரில் பதிவாக யன்னல் வைத்தால் குளிர்ந்த காற்று கீழே புகும், சூடான காற்று முகட்டால் போகும். நினைத்ததில் பிழையில்லை. எந்தச் சுவரில் என்பதுதான் கேள்வி.

ஜெயோமெத்ரா தன் வரைபடத்தில் ஆறு யன்னல்களையும் வடக்குச் சுவரில், கடற்பக்கமாகக் கீறியிருந்தார். யனவரி முழுவதும் அந்தப் பக்கத்திலிருந்து வந்த காற்றில் நானும் செல்வமும் பல்லுக் கிட்டித்து வேலை செய்தவர்கள். வரைபடத்தைச் செல்வத்துக்குக் காட்டினேன்.

“இந்த மனிசனுக்கு விசரே?” என்றான். “வாடைக்கு ஆராவது யன்னல் வைப்பினமே? தடிமன் பிடிச்சுச் சாகவோ?”

எங்கள் ஊரும் தீவுதான். அங்கே வடக்கேயிருந்து வருவது வாடை. கூதல், காய்ச்சல், மழை. அந்தப் பக்கத்தை அடைப்போம். தெற்கும் மேற்குமாக வருவது சோளகம். அது வீசினால் வெயிலுக்குள்ளும் நித்திரை வரும். வீட்டுக் கதவை அதற்குத்தான் திறந்து வைப்போம். இது நாங்கள் படித்த விஷயமல்ல. பிறந்ததிலிருந்து உடம்புக்குத் தெரிந்த விஷயம். உடம்புக்குத் தெரிந்ததை யாரும் சரிபார்ப்பதில்லை.

தொன் சால்வோ கண் ஒப்பரேஷனுக்காக ஒரு கிழமை தங்கை வீட்டில் நின்றார். அந்தக் கிழமையில் ஆறு யன்னல்களையும் தெற்குச் சுவரில் வெட்டினேன். அவர் வரைபடம் பார்ப்பதேயில்லை; அமெரிக்காவில் இருந்த முப்பது வருடத்தில் ஊர்க் காற்றும் அவருக்கு மறந்துபோயிருந்தது. ஜெயோமெத்ரா மாதத்துக்கு ஒரு தரம் வருவார். ஒருவரிடமும் கேட்கவில்லை.

சிஞ்ஞோரா ரொசாரியா உடுப்புக் காயப்போட வந்தவர், வெட்டும் சத்தம் கேட்டு நின்றார்.

“உந்தப் பக்கம் ஏன் வெட்டுறாய்?”

“காத்துக்கு, சிஞ்ஞோரா.”

“எந்தக் காத்துக்கு?”

“நல்ல காத்துக்கு.”

தெற்கே நின்ற மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீ படிச்ச பிள்ளை” என்றுவிட்டுப் போனார். அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

5. தூசி

மே மாதம். கார் உரசி, பட்டி பூசித் தயாராக நின்றது. தொன் சால்வோ இரவல் கொம்பிரெஸ்ஸர் ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு முழு நாள் நின்று பால் நிறத்தில் பெயின்ற் அடித்தார். முடிந்தபோது அவரே வெள்ளைப் பூசணிக்காய் மாதிரி நின்றார். மூவரும் வெளியே நின்று பார்த்தோம். கண்ணாடி மாதிரி இருந்தது.

“யன்னலை மூடவோ?” என்று கேட்டார்.

“வேண்டாம் சிஞ்ஞோரே. காத்துப் போனால் கெதியாய்க் காயும்.”

நாங்கள் வெளிக்கிடும்போது சிஞ்ஞோரா கொடியில் இருந்த அரை ஈர உடுப்புகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனார். வீட்டின் தெற்குப் பக்கப் பலகைக் கதவுகளும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. கண்டேன். களைப்பாக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை பஸ்ஸால் இறங்கியபோது வானம் மஞ்சள். போறணைக் கதவைத் திறந்தாற்போல் மலையிலிருந்து காற்று இறங்கியது. பல்லுக்குள் மணல் கரகரத்தது. பகிடி விடாத செல்வத்தை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். இருவரும் ஓடினோம்.

கார் மாறிப் பிஸ்கற் நிறத்தில் நின்றது. தொட்டுப் பார்த்தேன். மண் தாள் மாதிரி இருந்தது. ஆப்பிரிக்கப் பாலைவனம் முழுவதும் ஆறு யன்னல்களாலும் வந்து ஈரப் பெயின்றில் படிந்திருந்தது.

தொன் சால்வோ கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கதிரையைப் போட்டுக்கொண்டு காரின் முன்னால் இருந்தார். அது இன்னும் மோசம். பிறகு எழும்பித் தொலைபேசிக்குப் போனார். அங்கே கத்தினார்; அந்தச் சத்தத்துக்குச் சிஞ்ஞோராவும் வந்துவிட்டார். அரை மணித்தியாலத்தில் ஜெயோமெத்ரா வந்து சேர்ந்தார், தலைமயிரெல்லாம் செம்மண்.

“எந்த மடையன் இந்தத் தெற்குக் காத்துக்கு, ஷிரொக்கோவுக்கு, யன்னல் வைப்பான்?” என்று பாய்ந்தார் தொன் சால்வோ. “இந்த ஊரிலை பிறந்தனீ! நீ கீறின படத்தைப் பார்த்துத்தானே பெடியள் கட்டினவங்கள்!”

ஜெயோமெத்ரா தெற்குச் சுவரைப் பார்த்து நெற்றியைச் சொறிந்தார். “தெற்கிலையோ போட்டனான்? மாசத்துக்கு எத்தினை கீறுறன் சால்வோ... போட்டிருப்பனாக்கும். கோழிக்கூடுதானே எண்டு...”

வரைபடம் என் பின்பொக்கற்றுக்குள் இருந்தது. செல்வத்துக்கும் அது தெரியும். என் முழங்கையைப் பிடித்து, தமிழில், உதடு அசையாமல் சொன்னான்:

“வாயைப் பொத்து மச்சான். அந்தாளே ஒத்துக்கொள்ளுது. உன்ரை பெர்மெஸ்ஸோவை நினை.”

நினைத்தேன். யூலைக்கு இரண்டு மாதம் இருந்தது. பேசாமல் இருந்தால் பிழை ஜெயோமெத்ராவோடு போய்விடும். கடிதம் கிடைக்கும். அந்த மனிதர் முட்டைப் பகிடி விட்டவர்தான். ஆனால் யன்னலைச் சரியான இடத்தில் கீறியவரும் அவர்தான்.

பொக்கற்றுக்குள் கைவிட்டுப் படத்தை எடுத்து விரித்தேன்.

“அவர் வடக்கிலைதான் கீறினவர், சிஞ்ஞோரே. நான்தான் தெற்கிலை வெட்டினன். ஆரையும் கேக்கேல்லை.”

ஜெயோமெத்ரா படத்தைப் பறித்துப் பார்த்தார். “வடக்கு!” என்று கூவினார். “வடக்கு, சால்வோ! நான் சரியாத்தான் கீறியிருக்கிறன்! கேட்டியோ ரொசாரியா, நான் சரி!” அந்தப் புழுதிக்குள் துள்ளிக் குதிக்காத குறை.

தொன் சால்வோ என்னைப் பார்த்தார். “ஏன்?” என்றார்.

சோளகத்தைப் பற்றிச் சொன்னேன். வாடையைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. செல்வம் பக்கத்தில் வந்து, “நானும்தான் சொன்னனான்” என்று தன் பங்கையும் சேர்த்துக்கொண்டான்.

“கொன்ற்ராத்தோ கிடையாது” என்றார் தொன் சால்வோ. தொப்பியைக் கழற்றிக் காரின் மேல் எறிந்தார். அது ஒட்டிக்கொண்டது.

முதலில் சிரித்தவர் சிஞ்ஞோரா. சிரித்து முடித்துவிட்டு என்னிடம் திரும்பினார். “ஷிரொக்கோ கடல் தாண்டி வாறது. தீவு முழுக்க நடந்து, மலையிலை ஏறி, எங்கட தலையிலை விழும். விழேக்கை இன்னும் சுடும். அண்டைக்கே சொல்லியிருப்பன். நீ நல்ல காத்து எண்டாய். உங்கட ஊர்க் காத்தாக்கும் எண்டு விட்டிட்டன்.”

மலையிலிருந்து இறங்குகிற காற்று அமுங்கிச் சூடேறும் என்பது என் பௌதிகப் புத்தகத்தில் இருந்தது. மலை என் கண் முன்னால் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

“அடுத்த ஷிரொக்கோ வரைக்கும் அவனுக்குத் தவணை குடு, சால்வோ” என்றார் சிஞ்ஞோரா. “காரை வைச்சுப் பரீட்சை வேண்டாம். என்ரை வெள்ளைப் படுக்கைத் துணி ஒண்டை நனைச்சு உள்ளுக்கு விரிப்பம். அதிலை தூசி விழேல்லையெண்டால் பெடியன் பாஸ்.”

தொன் சால்வோ தொப்பியை உரித்தெடுத்தார். “பாப்பம்” என்றார்.

6. வெள்ளைத் துணி

மூன்று கிழமை வேலை செய்தோம். தெற்கு யன்னல்கள் ஆறையும் கழற்றி, அந்த இடத்தைத் தகரத்தால் அடைத்து, முழுச் சுவருக்கும் உட்பக்கம் தக்கைப் பலகை அடித்தோம். இந்தத் தீவில் தக்கை மரத்துக்குக் குறைவில்லை. வெயிலை நன்றாக மறிக்கும். யன்னல்கள், படத்தில் கீறிய இடத்திலேயே, வடக்குச் சுவருக்குப் போயின. முகட்டு இடைவெளிக்கு ஒரு மூடி செய்து, கீழேயிருந்து கயிற்றால் இழுத்து மூடும்படி வைத்தேன். ஷிரொக்கோ அன்றைக்கு எல்லாவற்றையும் மூட வேண்டும், அது ஓய்ந்த பின் வடக்கையும் முகட்டையும் திறக்க வேண்டும். இந்த ஒழுங்கைச் சொன்னவர் சிஞ்ஞோரா. தன் வீட்டில் அப்படித்தான் செய்கிறார். செல்வம் தன் பங்குக்கு, பந்தலுக்குள் கலியாண அன்று தூசி அடங்கத் தண்ணீர் தெளிப்பதுபோல், நிலத்துக்குத் தெளித்து, கதவடியில் ஈரச்சாக்கு விரிக்கச் சொன்னான். அதையும் செய்தோம்.

பிறகு காத்திருந்தோம். யூன் முழுவதும் கடற்காற்று, அருமையான காற்று, இதமான காற்று. பலெர்மோ முழுவதும் சந்தோஷமாக இருக்க, ஷிரொக்கோ வரவேண்டும் என்று செபம் செய்தவர்கள் நானும் செல்வமும் மட்டும்தான். நாட்காட்டியைப் பார்க்கப் பயமாக இருந்தது.

யூலை இரண்டாம் கிழமை ஒரு பின்னேரம் சிஞ்ஞோரா கொடியில் கிடந்ததை அள்ளினார். “நாளைக்கு வருது” என்றார். மேசையொன்றைக் கராஜின் நடுவில் வைத்து, நனைத்த வெள்ளைத் துணியை விரித்தார். மூடியை இழுத்தேன். சிஞ்ஞோரா கதவைப் பூட்டித் திறப்பைத் தன் ஏப்ரன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார்.

அது வந்தது. ஒரு பகல், ஓர் இரவு, இன்னொரு அரைப்பகல். வெளியே வெப்பமானி நாற்பதைத் தொட்டது. வேலை இல்லாவிட்டாலும் நாங்கள் போய், வீட்டு விறாந்தையில் மணலைத் துப்பிக்கொண்டு இருந்தோம். காற்று மாறிக் கடற்பக்கம் திரும்பியதும் சிஞ்ஞோரா எழும்பினார். ஜெயோமெத்ராவும் வந்து நின்றார். “எனக்கும் இதிலை பங்கிருக்கு” என்றார்.

கதவு திறந்தது. உள்ளே இருந்த வெப்பமானியில் முப்பது கூட இல்லை. தொன் சால்வோ அதைத் தட்டிப் பார்த்தார். வேலை செய்யவில்லையோ என்று சந்தேகம். சிஞ்ஞோரா காய்ந்த துணியை நாலு மூலையும் சேர்த்துத் தூக்கி, வெளியே கொண்டுபோய், தோடை மரங்களுக்கு நடுவே வெயிலுக்கு எதிரே விரித்துப் பிடித்தார்.

வெள்ளை. நல்ல வெள்ளை. ஆனால் கதவுப்பக்கம் இருந்த மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மண்ணிறத் திட்டு.

“இது என்ன?” என்றார் தொன் சால்வோ.

எங்கே விட்டேன்? கதவுச் சந்தா? மூடியா? பின்னால் செல்வம் செருமினான்.

“நேற்றுச் சிஞ்ஞோரா படுத்திருக்கேக்கை...” என்றான். “திறப்பு ஏப்ரனுக்குள்ளை, ஏப்ரன் கதிரையிலை கிடந்தது. துணி எப்பிடி இருக்கெண்டு ஒருக்காத் திறந்து பார்த்தனான்.”

“ஒருக்காவோ?” என்றார் சிஞ்ஞோரா.

“மூண்டு தரம்.”

நான் அவனை அடிக்கக் கையோங்கினேன். ஜெயோமெத்ரா நடுவில் புகுந்து பிடித்தார். “விடு, விடு! கதவு திறந்தும் இவ்வளவுதானே விழுந்திருக்கு! சால்வோ, கோழிக்கூடு பாஸ்!” தொன் சால்வோவின் வயிறு முதலில் குலுங்கியது, சத்தம் பிறகுதான் வந்தது. என்னைத் தூக்க முயன்றார். கண் ஒப்பரேஷன் செய்த மனிதன் பாரம் தூக்கக் கூடாது என்று சிஞ்ஞோரா திட்டினார். துணியைச் செல்வத்தின் தோளில் போட்டு, “நீ தோய்ச்சுத் தா” என்றார்.

கடிதம் எழுத இருந்தபோது இன்னொரு விஷயம் வெளியே வந்தது. காணி சிஞ்ஞோராவுடையது, வீடும் அவருடைய பெயரில். வேலை கொடுப்பவர் என்று கையெழுத்து வைக்க வேண்டியவர் அவர். தொன் சால்வோவின் “கிடையாது”வுக்கும் “பாப்பம்”க்கும் ஒரு பெறுமதியும் இருக்கவில்லை. சிஞ்ஞோரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, நாக்கை வெளியே நீட்டியபடி தன் பெயரை எழுதினார். வேலையின் பெயர் எழுதும் இடத்தில் பேனா நின்றது.

“என்ன போட?”

“வீட்டுவேலை எண்டு போடு” என்றார் தொன் சால்வோ. “எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை.”

“வீட்டுவேலை நான் செய்யிறன்” என்றார் சிஞ்ஞோரா. கட்டட வேலையாள் என்று எழுதினார்.

பெர்மெஸ்ஸோ கிடைத்தது. கார் மறுபடி பால் நிறமாகி இன்றைக்கும் அந்தக் கராஜுக்குள் நிற்கிறது. அதன்பிறகு அந்தப் பக்கத்தில் வேறு நாலு பேருக்கு மரக்கால் கராஜ் கட்டினோம். இரண்டுக்கு ஜெயோமெத்ராவே எங்கள் பெயரைச் சொல்லிவிட்டார்.

இங்கே புதிதாக வேலைக்கு வரும் தம்பிமாருக்குச் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். ஹீற்றரும் ஏசியும் வாங்க முதல் மீற்றரைப் பாருங்கள், கூரையைப் பாருங்கள், காற்று வரும் திசையை அந்த வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கேட்காமல் செய்து பிழை விட்டால், பிழை தெரிந்த அன்றே சொல்லுங்கள். அன்று படத்தைப் பொக்கற்றுக்குள்ளேயே வைத்திருந்தால் எனக்குக் கடிதம் கிடைத்திருக்கலாம். ஆனால் ஏன் தெற்கில் வெட்டினேன் என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஷிரொக்கோவை எப்படி மூடுவதென்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவும் மாட்டார்கள். கையில் கட்டட வேலையாள் என்ற கடிதத்தோடு, அடுத்த வீட்டிலும் போய்த் தெற்குச் சுவரைத்தான் வெட்டியிருப்பேன்.